உண்மையை எழுதினால் பொலிஸ் பிடிக்குமா?

சட்டத்தரணியான எனக்கு இந்த முறை வந்த வாசகர் கடிதம் ஒன்பது பக்கம். கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்தில், ஓரங்களில் சிவப்பு மையால் போட்ட திருத்தங்களோடு. எழுதியவர் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 64. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

ஓய்வுபெற்றதும் கனடாவில் இருக்கும் மகள் ஒரு போன் அனுப்ப, அதில் முகநூல் பழகியிருக்கிறார். மனதில் பட்டதை எல்லாம் எழுதத் தொடங்கியிருக்கிறார். விடிய நாலரைக்கே அலறும் கோயில் ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மூச்சு விட நேரம் கொடுக்காத டியூட்டரிகள், விபத்தில் செத்தவரின் உடலைத் துணி போட்டு மூட முன்னரே படம் போடும் செய்திப் பக்கங்கள் என்று அன்றாடம் எரிச்சல் தந்த ஒவ்வொன்றையும் பற்றி. ஊர்ச் சனம் வாசித்தது. சிலர் பாராட்டினார்கள், சிலர் ஏசினார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு யூடியூப் சனலைச் சேர்ந்தவர்கள் இவருடைய அயல் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே இருப்பது கணவனை இழந்த ஒரு பெண்ணும் 13 வயது மகளும். உலர் உணவுப் பொதியும் சைக்கிளும் கொடுத்தார்கள். தாய் அழுவதைப் படம் பிடித்தார்கள். குசினிக்குள் போய் வெறும் பானையைத் திறந்து காட்டினார்கள். பிறகு மகளிடம், "அப்பா இல்லாதது எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவள் விம்மும் வரை கமராவை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்கள். அடுத்த மூன்று நாட்கள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை.

ஆசிரியர் கொதித்துப் போய் நீண்ட பதிவு ஒன்று எழுதினார். காணொளியில் இருந்து ஒரு படத்தையும் எடுத்துப் போட்டார். நானூறுக்கு மேற்பட்டோர் அதைப் பகிர்ந்தார்கள். இப்போது அந்த யூடியூபரின் சட்டத்தரணியிடம் இருந்து கடிதம் வந்திருக்கிறது: 14 நாட்களுக்குள் பகிரங்க மன்னிப்பும் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடும் வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அதே வாரம் பொலிஸ் நிலையத்தில் இருந்தும் "ஒருக்கா வந்து போங்கோ" என்று அழைப்பு. மனைவி போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கணக்கையே மூடச் சொல்கிறார். மருமகன் வழக்காடச் சொல்கிறார். இவர் என்னிடம் கேட்பது: கைது செய்வார்களா, அழிக்கவா, மன்னிப்புக் கேட்கவா, இனி எழுதாமல் இருக்கவா?

ஐயா,

பொலிஸ் நிலையத்தின் படியே ஏறாத ஒருவருக்கு இந்த வயதில் இப்படி ஒரு அழைப்பு வந்தால் நித்திரை வராது. அதுவும் எங்கள் மண்ணில் அந்த அழைப்போடு எவ்வளவு பழைய நினைவுகள் எழும்பி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

பொலிஸ் அழைப்பு

அவதூறு இந்த நாட்டில் இப்போது குற்றம் இல்லை. தண்டனைச் சட்டக் கோவையில் முன்பு அது குற்றமாக இருந்தது. 2002இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவுகளை நீக்கிவிட்டது. "என் பெயரைக் கெடுத்துவிட்டார்" என்று ஒருவருக்குக் குறை இருந்தால் அவர் போக வேண்டியது மாவட்ட நீதிமன்றத்துக்கு. அங்கே நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அவதூறுக்காக உங்களைக் கைது செய்யச் சொல்லிப் பொலிஸில் கேட்க முடியாது. ஆகவே உங்களுக்கு வந்த கடிதமும் அழைப்பும் வேறு வேறு பாதைகள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நினைப்பதால்தான் பயம் இரட்டிப்பாகிறது.

அப்படியானால் பொலிஸ் ஏன் கூப்பிட்டது? மிரட்டினார் என்றோ, இணையத்தில் பொய் பரப்பினார் என்றோ முறைப்பாடு கொடுத்திருக்கலாம். "புதுச் சட்டம் வந்திருக்கிறது, முகநூலில் எழுதினால் ஐந்து வருடம்" என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அந்த ஆண்டு ஜனவரி 24இல் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பெப்ரவரி 1இல் சபாநாயகர் கையெழுத்திட்டார். சொற்களை அளவுக்கு மீறி அகலமாக எழுதி வைத்திருக்கும் சட்டம் அது. எதிர்த்துப் பேசிய சட்டத்தரணிகளில் நானும் ஒருத்தி. ஆனால் அதே சட்டத்தின் பொருள்கோடல் பிரிவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "பொய்யான கூற்று" என்பதற்கு அது தரும் விளக்கம், சொல்பவருக்கே பொய் என்று தெரிந்த அல்லது பொய் என்று அவரே நம்புகிற கூற்று, குறிப்பாக ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படுவது. நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயமும் எச்சரிக்கையும் அதில் அடங்காது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. வாக்குமூலம் கொடுக்கும்போது உங்களுக்கு மிகவும் உதவப்போவது இந்த வரிதான்.

"உங்களை ஒருவரும் தொட மாட்டார்கள்" என்று நான் உறுதி தரமாட்டேன். சட்டம் ஒன்று சொல்ல, பொலிஸ் வேறொன்று செய்த சம்பவங்கள் இந்த நாட்டில் உண்டு. 2020 ஏப்ரலில் ரம்சி ராசிக் என்பவரை ஒரு முகநூல் பதிவுக்காகப் பிடித்தார்கள். வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் போராட வேண்டும் என்று எழுதியவர் அவர். ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தது, ஆனால் போன மாதங்கள் திரும்பி வரவில்லை. அவர்மீது பாய்ந்த சட்டங்களில் ஒன்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம். இன, மத வெறுப்பைத் தூண்டுவது பற்றிய அதன் 3ஆம் பிரிவில் அகப்பட்டால் நீதவான் பிணை தரமுடியாது, மேல் நீதிமன்றம்தான் தரலாம்.

உங்கள் யூடியூப் பதிவில் இன, மதப் பேச்சு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பிரதிகளில் ஒலிபெருக்கிப் பதிவையும் பார்த்தேன். எங்கள் கோயிலைக் குறை சொல்லத் தொடங்கி, கடைசியில் இன்னொரு மதத்தவரின் வழிபாட்டிடத்தையும் ஒரு வரியில் இழுத்திருக்கிறீர்கள். கோபத்தில் வந்த வரி என்று தெரிகிறது. கீழே வந்த பின்னூட்டங்களை வாசித்துப் பாருங்கள், உங்கள் வரியைப் பிடித்துக்கொண்டு சிலர் எங்கே போயிருக்கிறார்கள் என்று. அந்த வரி தேவையே இல்லை. 2007இல் உயர் நீதிமன்றம், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது, விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும் மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று எல்லா மதத்தவருக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறது. விடிய நாலரை பற்றிய உங்கள் முறைப்பாட்டுக்கு அந்த ஒரு தீர்ப்பே போதும்.

சரி, பொலிஸ் நிலையத்துக்குப் போகாமல் இருக்க வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். முதலில் தொலைபேசியில் எடுத்து, என்ன முறைப்பாடு, யார் விசாரிக்கிறார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வரலாம் என்று 2012இல் வர்த்தமானியிலேயே விதி வந்திருக்கிறது. "லோயர் எல்லாம் எதுக்கு, சும்மா ஒரு கதைதானே" என்று சொன்னாலும் அழைத்துக்கொண்டே போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, அது அரசியலமைப்பில் இருக்கிறது. வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வேண்டாம். போனைக் கேட்டால் உங்கள் சட்டத்தரணி பதில் சொல்லட்டும்.

கைது என்று ஒன்று நடந்தால், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். உரிமை மீறல் என்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பலர் இந்த ஒரு மாதக் கணக்கைத் தெரியாமல் வழக்கை இழந்திருக்கிறார்கள். உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் பயம் குறையும் என்பதற்காக எழுதுகிறேன்.

"உண்மையைத்தானே எழுதினேன்"

இந்த வரியை ஒன்பது பக்கத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது. எங்கள் அவதூறுச் சட்டம் உரோம டச்சுச் சட்டத்தில் இருந்து வந்தது. அதன்படி, சொன்னது உண்மை என்பதோடு, அதைச் சொன்னதில் பொது நன்மை இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். காட்ட வேண்டியவர் நீங்கள்தான். அபிப்பிராயத்துக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு: உண்மையான விஷயங்களின் மேல், பொது அக்கறை உள்ள ஒன்றைப் பற்றி, நேர்மையாகச் சொன்ன நியாயமான கருத்தாக அது இருக்க வேண்டும்.

உங்கள் பதிவில் எதிர்த்தரப்பு கோடு போட்டுக் காட்டியிருக்கும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "ஏழைகளின் கண்ணீரை விற்றுப் பிழைக்கிறார்கள், பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது." இது கடுமையான சொல். ஆனாலும் கருத்து. காணொளி எல்லார் கண்முன்னும் இருக்கிறது, பார்த்தவர் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். இதற்காக நீங்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டி வரும் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது, "வெளிநாட்டில் இருந்து வந்த காசில் அரைவாசியை விழுங்கிவிட்டார்." இது கருத்து இல்லை, ஐயா. ஒரு மனிதன் களவெடுத்தான் என்று சொல்லும் செய்தி. யார் சொன்னது என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். "சனம் கதைக்குது" என்று இருக்கிறது. கடைக்காரர் சொன்னார் என்றும் இருக்கிறது. கடைக்காரர் நீதிமன்றத்துக்கு வந்து சொல்வாரா? வர மாட்டார் என்று உங்களுக்கே தெரியும். மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன் என்பது பதில் ஆகாது, திருப்பிச் சொன்னவரும் சொன்னவர்தான். பெயர் போடவில்லை, "தொப்பிக்காரர்" என்றுதான் எழுதினேன் என்கிறீர்கள். வாசித்த நானூறு பேருக்கும் யார் என்று விளங்கியிருந்தால் பெயர் போட்டதாகவே கணக்கு.

அவர் எடுத்திருக்கவும் கூடும், எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வழிகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. உதவி அமைப்பு என்று சொல்லிக் காசு சேர்ப்பவர்கள் எங்காவது பதிந்திருக்கிறார்களா என்று பிரதேச செயலகத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். "இந்தப் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று பிரதேச செயலகம் எழுத்தில் சொல்லியிருக்கிறது, அப்படியானால் கணக்கு யாருக்குக் காட்டுகிறார்கள்?" என்று நீங்கள் எழுதியிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவராக இருந்திருப்பார். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது எங்கள் சனம் என்ன செய்தது? போத்தலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபாய் இழப்பீடு என்ற தீர்ப்பாக முடிந்தது.

அந்தப் பிள்ளையின் முகம்

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் பதிவின் பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

நீங்கள் போட்ட படத்தில் அந்தப் பிள்ளை அழுகிறாள். முகம் முழுதாகத் தெரிகிறது. பள்ளிச் சீருடையில் இருக்கிறாள், கழுத்துப்பட்டியில் பாடசாலை எது என்றும் தெரிகிறது. "இதோ பாருங்கள், இப்படிச் செய்கிறார்கள்" என்று காட்டப் போட்டீர்கள். உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நானூறு பேர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அந்தச் சனலைப் பார்க்காத ஊர்ப் பிள்ளைகளும், அவளோடு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அவளுடைய அழுகையை உங்கள் பதிவில்தான் கண்டிருப்பார்கள். எது அவளைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் செய்தது என்று எழுதினீர்களோ, அதையே உங்கள் பதிவும் இன்னொரு முறை செய்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். தீவகப் பக்கம். இப்படியான ஒரு காணொளி வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் போனில் அந்தக் காணொளியைக் காட்டி, "இது உங்கட பிள்ளைதானே" என்று கேட்டார்களாம். பேச்சு அதோடு நின்றது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது நட்டஈடு இல்லை. "அதை எடுத்துவிட ஏலுமோ?" என்றுதான் கேட்டார். அந்தச் சனலில் இருந்து எடுக்க முடிந்தது. ஆனால் அதற்குள் அதைக் கண்டித்தும், இரங்கியும், பகிடி பண்ணியும் ஆட்கள் வெட்டி ஒட்டிப் போட்டவை எத்தனையோ இடங்களில் இருந்தன. கண்டித்துப் போட்டவர்களிடம் கேட்டபோதுதான் அதிகம் வாக்குவாதப்பட வேண்டி வந்தது. தாங்கள் நல்லதுக்குத்தான் செய்தோம் என்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒன்பது பக்கத்தில் அந்தப் பெண் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர். எழுத முன்னர் அவரிடம் கேட்டீர்களா? யூடியூபரும் கேட்டிருக்க மாட்டார், அல்லது அரிசிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார், அந்த நிலையில் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் நீங்கள் கேட்டிருக்கலாம். ஒருவேளை அந்தச் சைக்கிள் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கலாம். உங்கள் பதிவால் இனி வேறு ஒருவரும் உதவிக்கு வர மாட்டார்களோ என்ற பயமும் அவருக்கு இருக்கலாம். 2022இல் எரிவாயுவும் மாவும் இல்லாமல் சனம் வரிசையில் நின்றபோது, புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பிய காசால் அடுப்பெரிந்த வீடுகள் இங்கே எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். உதவி வேண்டும். அதற்கு விலையாகப் பிள்ளையின் முகத்தைக் கேட்கக்கூடாது. என் கருத்து இதுதான், இதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆகவே அந்த வீட்டுக்குப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பெண்ணுக்குக் கதைக்க வசதியாக இருக்கும். காணொளி இருக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று அவரே சொல்லட்டும். எடுக்க வேண்டும் என்றால், யூடியூப்பிலேயே தனியுரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. படத்தில் இருப்பவர்தான் நிரப்ப வேண்டும், சிறுபிள்ளை என்றால் தாயோ தகப்பனோ நிரப்பலாம். நீங்கள் நிரப்பினால் எடுபடாது, ஆனால் பக்கத்தில் இருந்து உதவி செய்யலாம். வழக்கமாகப் போட்டவருக்கு அதை எடுக்கவோ திருத்தவோ 48 மணித்தியாலம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு நிறுவனமே பார்க்கும். பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போய் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் தனிமையில் ஒருவரும் கண்டபடி தலையிடக்கூடாது என்று அதன் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தத் தாயிடம் இதையும் சொல்லுங்கள், தான் பிச்சை கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சட்டத்தரணியின் கடிதத்துக்கு என்ன செய்வது

அது கோரிக்கைக் கடிதம். நீதிமன்றக் கட்டளை இல்லை. 50 இலட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை. 14 நாள் முடிந்தவுடன் வீட்டை ஏலம் போட ஆட்கள் வருவார்கள் என்று உங்கள் மனைவி நினைக்கிறாராம், அப்படி எதுவும் நடக்காது என்று அவரிடம் சொல்லுங்கள். வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. பலர் போடுவதில்லை. சிலர் போடுவார்கள். அதனால் கடிதத்தைப் பதில் இல்லாமல் விடவும் கூடாது.

மருமகன் சொல்வது போல முழுதாக எதிர்த்து நிற்கலாம். ஆனால் "விழுங்கிவிட்டார்" என்ற வாக்கியத்தோடு நின்றால் உங்கள் கால் நிற்கும் இடம் பலவீனம். மாவட்ட நீதிமன்றத்தில் இப்படியான வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும், ஓய்வூதியத்தில் தவணைக்குத் தவணை கட்டணம் கொடுப்பது சிரமம். மறுபக்கம், அவர்கள் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கும் மன்னிப்பை அப்படியே போடுவது. அதை வாசித்தேன். காணொளியைப் பற்றி நீங்கள் சொன்ன எல்லாமே தவறு என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு நான் உடன்பட மாட்டேன், நீங்களும் உடன்பட வேண்டாம்.

நான் உங்கள் சட்டத்தரணியாக இருந்தால் செய்வது இது. முதலில் பதிவு, பின்னூட்டங்கள், அவர்களுடைய காணொளி எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படம் பிடித்து வைப்பேன். கடிதம் வந்த உறையையும் எறியாமல் வைத்திருப்பேன். பிறகு காசு பற்றிய வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில், "பணம் பற்றி நான் எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதை மீளப் பெறுகிறேன், வருந்துகிறேன்" என்று தெளிவாக எழுதச் சொல்வேன். காணொளி எடுத்த விதம் பற்றிய கருத்து அப்படியே இருக்கட்டும். கோரிக்கைக் கடிதத்துக்கும் இதே நிலைப்பாட்டில் 14 நாளுக்குள் ஒரு பதில் போகட்டும். வாக்கியத்தை மீளப் பெறுவதால் வழக்கு வராது என்று இல்லை. வந்தாலும், நேர்மையாகத் திருத்திக்கொண்டவர் என்று நீதிபதி பார்ப்பார், நட்டஈட்டுத் தொகையிலும் அது தெரியும். இதற்கிடையில் அந்த யூடியூபருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம், பின்னூட்டத்தில் பதில் எழுத வேண்டாம், உங்களுக்காகச் சண்டை பிடிக்கும் பழைய மாணவர்களையும் அடக்குங்கள். கட்டணம் கொடுக்கச் சிரமம் என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

கணக்கை மூட வேண்டாம். மூடினால் உங்களுக்குச் சாதகமான சான்றுகளும் உங்கள் கைக்கு எட்டாமல் போகும். மகள் தூரத்தில் இருந்து பயப்படுகிறார். நாலு நாள் உங்கள் குரல் கேட்காவிட்டாலே அவருக்கு நித்திரை இராது. இந்தப் பதிலை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

இனி எழுதவா என்று கேட்டீர்கள். எழுதுங்கள். கருத்துச் சொல்லும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது, வயதையும் பதவியையும் அது பார்ப்பதில்லை. விபத்துச் சடலங்கள் பற்றி நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை வாசித்தேன். அதில் ஒரு படமும் இல்லை, ஒருவரின் பெயரும் இல்லை, ஆனால் வாசித்தவர் அடுத்த முறை அப்படி ஒரு படத்தைப் பகிரக் கை கூசியிருப்பார். யூடியூப் பதிவையும் உங்களால் அப்படி எழுதியிருக்க முடியும்.

பிரதி எடுத்து வைத்த பிறகு, இன்றைக்கே மனைவியிடம் அலுமாரித் திறப்பைக் கேளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்தப் பிள்ளையின் படத்தை எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களில் தெரிந்த முகங்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பி, அவர்களுடைய பக்கத்திலும் அது போய்விட்டதா என்று பாருங்கள். நானூறு பேர் என்றால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.